நாக்கின் அடியில் மாத்திரை, தலையில் வலி

நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது என்று ஒருவர் சொன்னதும், வீட்டில் உள்ளவர்கள் முதலில் தேடுவது நாக்கின் அடியில் வைக்கும் அந்தச் சின்ன மாத்திரையைத்தான். இதய நோயாளி இருக்கும் வீடுகளில் சார்பிட்ரேட் என்ற பெயர் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். மாத்திரை கரைந்த சில நிமிடங்களில் நெஞ்சின் இறுக்கம் தளர்கிறது. கூடவே பலருக்குத் தலை விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்குகிறது. மருந்து கொடுத்தது இதயத்துக்கு, வலி வந்தது தலைக்கு. ஏன்?

மாத்திரை ரத்தக்குழாய்களை விரிக்கிறது, தலையில் உள்ள குழாய்களும் சேர்ந்து விரிகின்றன, அதனால் வலி. இதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். தவறில்லை, ஆனால் பாதிதான். மீதியைத் தேடிப் போனால், மூளை தனக்கு வேண்டிய ரத்தத்தை எப்படிக் கேட்டு வாங்குகிறது என்ற பெரிய கேள்வியில் போய் நிற்போம். அந்தக் கேள்வியின் நடுவில் இருப்பது ஒரு நைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த மிகச் சிறிய மூலக்கூறு: நைட்ரிக் ஆக்ஸைடு.

திங்கட்கிழமைத் தலைவலி

1847-ல் இத்தாலியின் டூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற வேதியியலாளர், அந்த மாத்திரையின் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த நைட்ரோகிளிசரினை முதன்முதலாகத் தயாரித்தார். அந்தக் காலத்து வேதியியலாளர்களின் வழக்கப்படி, தயாரித்த பொருளைத் துளியளவு நாக்கில் வைத்தும் பார்த்தார். கடுமையான தலைவலி வந்தது. லேசாக அதிர்ந்தாலே வெடிக்கும் அந்த எண்ணெயை ஒரு வகை மண்ணில் ஊறவைத்துப் பத்திரமாகக் கையாள முடியும் என்று கண்டுபிடித்து, 1867-ல் ஆல்ஃபிரட் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார்.

வெடிமருந்து ஆலைகளில் வேலை செய்தவர்களுக்கு ஒரு விசித்திரமான தொல்லை இருந்தது. வாரத்தின் முதல் நாள் மண்டையைப் பிளக்கும் தலைவலி. அடுத்தடுத்த நாள்களில் உடல் பழகிவிடும். விடுமுறையில் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். திங்கட்கிழமை மறுபடியும் வலி. பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கச் சிலர் விடுமுறை நாளிலும் தொப்பியின் உள்பட்டையில் கொஞ்சம் நைட்ரோகிளிசரினைத் தடவிக்கொண்டு திரிந்தார்கள்.

தலையில் ஏதோ செய்யும் இந்தப் பொருள் நெஞ்சுக்கும் ஏதாவது செய்யுமா என்று யோசித்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் மர்ரெல். முதலில் தானே சுவைத்துப் பார்த்தார். தலைக்குள் நாடி துடிப்பது தெரிந்தது. பிறகு நெஞ்சுவலிக்காரர்களுக்கு மிகக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்து, 1879-ல் லான்செட் இதழில் எழுதினார். 1896-ல் நோபலுக்கே அவருடைய மருத்துவர்கள் நைட்ரோகிளிசரினை மருந்தாக எழுதிக்கொடுத்தார்கள். மருந்துக்கடைக்காரரும் மக்களும் மிரண்டுவிடாமல் இருக்க அதற்கு டிரைனிட்ரின் என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கடிதத்தில் அவர் வேடிக்கையாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

மருந்து வேலை செய்தது. எப்படிச் செய்கிறது என்பது மட்டும் கிட்டத்தட்ட நூறு வருடம் யாருக்கும் தெரியவில்லை. 1977-ல் அமெரிக்காவில் ஃபெரிட் முராட் ஒரு துப்பைப் பிடித்தார். நைட்ரோகிளிசரின் போன்ற மருந்துகளிலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடு வெளிவருகிறது, அது தசைச் செல்லுக்குள் ஒரு நொதியைத் தூண்டுகிறது என்று காட்டினார். நைட்ரிக் ஆக்ஸைடு அதுவரை வாகனப் புகையிலும் மின்னல் வெட்டிலும் உண்டாகும் ஒரு நச்சு வாயுவாகத்தான் அறியப்பட்டிருந்தது. (பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிரிப்பூட்டும் வாயு வேறு. அதில் நைட்ரஜன் அணு இரண்டு.) வெளியிலிருந்து வரும் ஒரு நச்சு வாயுவுக்கு நம் ரத்தக்குழாய் ஏன் இவ்வளவு பணிவாகக் கட்டுப்படுகிறது? உடலே அதை ரகசியமாகத் தயாரித்துக்கொண்டிருந்தால்தானே அப்படி நடக்கும்?

உரசிப்போன உட்சுவர்

நியூயார்க்கின் ப்ரூக்ளின் பகுதியில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற ஆய்வாளர் முயலின் பெருந்தமனியோடு பல வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவரைக் குழப்பியது ஒரு முரண்பாடு. அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை உயிருள்ள விலங்குக்குச் செலுத்தினால் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, ரத்த அழுத்தம் இறங்குகிறது. அதே பொருளை, வெட்டியெடுத்த பெருந்தமனித் துண்டின் மேல் விட்டால் துண்டு சுருங்குகிறது.

1978-ல் அவருடைய உதவியாளர் ஒரு சோதனையைச் சொன்ன வரிசையில் செய்யத் தவறினார். சுருங்க வேண்டிய துண்டு அன்று தளர்ந்தது. வேறொருவர் என்றால் திட்டிவிட்டு மறுபடி செய்யச் சொல்லியிருப்பார். ஃபர்ச்காட் காரணத்தைத் துருவினார். ரத்தக்குழாயின் உள்பக்கத்தில் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது. இதை உட்சுவர்ப் படலம் என்று வைத்துக்கொள்வோம். துண்டுகளைத் தயார் செய்யும்போது ஏதாவது ஒரு பரப்பில் பட்டு உரசினால் அந்தப் படலம் போய்விடும். அது இருந்தால் குழாய் தளர்கிறது, இல்லையென்றால் சுருங்குகிறது.

அடுத்து அவர் செய்த சோதனை எளிமையானது. படலம் உரிக்கப்பட்ட துண்டோடு படலம் உள்ள இன்னொரு துண்டை முகத்தோடு முகம் வைத்து ஒட்டினார். அசிட்டைல்கோலினை விட்டதும் உரிக்கப்பட்ட துண்டும் தளர்ந்தது. படலத்திலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி, இடைவெளியைத் தாண்டிப் பக்கத்துத் தசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. 1980-ல் இது நேச்சர் இதழில் வெளிவந்தது. அந்த “ஏதோ ஒன்று” சில விநாடிகளில் காணாமல் போய்விடுவதால் அதைப் பிடிப்பது பெரும்பாடாக இருந்தது. 1986-ல் மின்னசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டரில் நடந்த ஒரு கூட்டத்தில் ஃபர்ச்காட்டும் லூயிஸ் இக்னாரோவும் தனித்தனியாக, அது நைட்ரிக் ஆக்ஸைடாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். மறு வருடம் லண்டனில் சால்வடோர் மொன்காடாவின் குழு உட்சுவர்ச் செல்கள் அந்த வாயுவை வெளியிடுவதை அளந்தே காட்டியது. 1998-ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவரும் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மொன்காடாவை ஏன் விட்டார்கள் என்ற விவாதம் அன்றே கிளம்பியது.

மூளை ஆய்வாளர்களின் காதிலும் செய்தி விழுந்தது. 1988-ல் ஜான் கார்த்வெய்ட் குழு சிறுமூளைச் செல்களும் இதே பொருளை வெளியிடுகின்றன என்று காட்டியது. 1990-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ப்ரெட்டும் சாலமன் ஸ்னைடரும் அதைத் தயாரிக்கும் நொதியை மூளையிலிருந்தே பிரித்தெடுத்தார்கள். நரம்புச் செல்லுக்கு எதற்கு ரத்தக்குழாயைத் தளர்த்தும் வாயு?

மாலுமியின் தலைக்குள் ஓர் இரைச்சல்

விடைக்கு 1928-க்குப் போக வேண்டும். பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றுக்கு ஓர் இளம் மாலுமி வந்திருந்தார். தலையின் பின்பக்கம் எப்போதும் இரைந்துகொண்டே இருக்கிறது, கண்ணுக்கு வேலை கொடுத்தால் இரைச்சல் கூடுகிறது என்றார். அவருடைய மூளையின் பின்பகுதியில், பார்வையைக் கையாளும் இடத்துக்கு அருகே, ரத்தக்குழாய்கள் சிக்கலாகப் பின்னிக் கிடந்தன. அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங்கால் அதை அகற்ற முடியவில்லை. ஆனால் அறுவையில் எடுத்த எலும்பின் இடைவெளி வழியே ஸ்டெதஸ்கோப் வைத்து அந்த இரைச்சலைக் கேட்க முடிந்தது. குஷிங்கோடு வேலை செய்த ஜான் ஃபுல்டன் அதைப் பதிவு செய்தார். மாலுமி படிக்கத் தொடங்கினால் சில விநாடிகளில் இரைச்சல் உயர்ந்தது. காதுக்கோ மூக்குக்கோ வேலை கொடுத்தால் மாற்றமில்லை.

மூளையின் எந்தப் பகுதி உழைக்கிறதோ அந்தப் பகுதிக்கு மட்டும் ரத்தம் கூடுகிறது என்பதை ஒரு மனிதரின் தலைக்குள் காதால் கேட்ட சம்பவம் இது. 1890-லேயே கேம்ப்ரிட்ஜில் சார்லஸ் ராயும் சார்லஸ் ஷெரிங்டனும், உழைக்கும் மூளைத்திசு வெளியிடும் வேதிப்பொருள்கள் அங்குள்ள குழாய்களை விரிக்கலாம் என்று ஊகித்திருந்தார்கள்.

மூளைக்கு இப்படி ஓர் ஏற்பாடு இல்லாமல் முடியாது. உடல் எடையில் அது சுமார் 2 சதவீதம்தான். ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட உடல் வாங்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்குப் போகிறது. நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் அளவு ரத்தம் அதன் வழியே ஓடுகிறது. சேமிப்பு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ரத்தம் நின்றால் பத்து விநாடி அளவில் நினைவு தப்பிவிடும். மண்டையோடு விரியாத பெட்டி என்பதால், எல்லாப் பகுதிக்கும் எப்போதும் தாராளமாக விடவும் வழியில்லை. ஏரிப்பாசனத்தில் நீர்க்கட்டி எந்த வயல் காய்கிறதோ அந்த வயலின் மடையைத் திறந்து, மற்றதை அடைத்து வைப்பதுபோல, இருக்கும் ரத்தத்தை இடம் பார்த்துத் திருப்பிவிட வேண்டும்.

மூன்று மைக்ரோமீட்டர் கணக்கு

எவ்வளவு திறந்தால் போதும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1988-ல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபாக்ஸ், மார்கஸ் ரெய்க்கில் ஆகியோர் இருந்த குழு, கண்முன் காட்சிகளைக் காட்டிக்கொண்டே மூளையை ஸ்கேன் செய்தது. பார்வைப் பகுதிக்குப் போகும் ரத்தம் சுமார் 50 சதவீதம் கூடியது. அங்கே ஆக்சிஜன் செலவு கூடியதோ சுமார் 5 சதவீதம்தான். கேட்டதைவிட மிக அதிகமாகவே ரத்தம் வந்து சேர்கிறது. (இந்த உபரியால் அந்த இடத்து ரத்தத்தில் ஆக்சிஜன் மிகுந்து நிற்பதைத்தான் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படம் பிடிக்கிறது.)

50 சதவீதம் அதிக ரத்தம் வர, குழாய் எவ்வளவு அகலமாக வேண்டும்? பாதி மடங்கு என்றுதான் தோன்றும். உண்மை வேறு. ஒடுங்கிய குழாயில் ஓடும் திரவத்தின் அளவு, குழாயின் அகலத்தை நான்கு முறை பெருக்கும் விகிதத்தில் ஏறுகிறது. அகலம் இரட்டித்தால் ஓட்டம் 2 x 2 x 2 x 2, அதாவது 16 மடங்கு.

இப்போது மூளையின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு நுண்தமனியை எடுத்துக்கொள்வோம். தமனிகளின் கடைசிக் கிளைகளான இவற்றின் சுவரில்தான் வளையமாகத் தசை சுற்றியிருக்கிறது. நம் நுண்தமனியின் அகலம் 30 மைக்ரோமீட்டர், தலைமுடியின் பாதிக்கும் குறைவு. அது 33 ஆகிறது என்று வையுங்கள். 10 சதவீதம் விரிவு. 1.1-ஐ நான்கு முறை பெருக்கினால் ஏறக்குறைய 1.46. அதாவது 46 சதவீதம் அதிக ரத்தம். ஸ்கேன் காட்டிய 50-ஐ நெருங்கிவிட்டோம். இதற்குச் செலவானது வெறும் 3 மைக்ரோமீட்டர், ஒரு சிவப்பணுவின் அகலத்தில் பாதிகூட இல்லை.

தலைகீழாகவும் பாருங்கள். அதே குழாய் 27 மைக்ரோமீட்டராகச் சுருங்கினால் 0.9-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். விடை 0.66. ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போயே போய்விட்டது.

உயிருள்ள மூளையில் ஒரு குழாய் மட்டும் தனியாக இயங்குவதில்லை. முன்னும் பின்னும் உள்ள கிளைகளும் சேர்ந்தால்தான் முழு ஓட்டமும் தீர்மானமாகும். ஆனாலும் கணக்கின் பாடம் மாறாது. தசை இம்மியளவு தளர்ந்தால் போதும். அந்த இம்மியைத் தருவதுதான் நைட்ரிக் ஆக்ஸைடின் வேலை.

கேட்ட இடத்தில், கேட்ட நேரத்தில்

இந்த வரியைப் படிக்கும் உங்கள் பார்வைப் பகுதியில் நடப்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், கண்ணிலிருந்து செய்தி வந்ததும் அங்குள்ள நரம்புச் செல்கள் குளூட்டமேட் என்ற பொருளைப் பக்கத்துச் செல்லின் மேல் விடுகின்றன. அந்தச் செல்லில் ஒரு கதவு திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. 

இரண்டாவதாக, அந்தக் கால்சியம் நைட்ரிக் ஆக்ஸைடு தயாரிக்கும் நொதியை எழுப்புகிறது. கச்சாப்பொருள் அர்ஜினின் என்ற அமினோ அமிலம். நாம் சாப்பிடும் நிலக்கடலையிலும் பருப்பிலும் இருப்பதுதான். பெருமூளையின் மேற்பகுதியில் சில வகை நரம்புச் செல்களிடம் மட்டுமே இந்த நொதி தாராளமாக இருக்கிறது. 

மூன்றாவதாக, வாயு பரவுகிறது. மற்ற நரம்புத் தூதுப்பொருள்களைச் சின்னச் சின்னப் பைகளில் அடைத்து வைத்து வேண்டும்போது வெளியே விட முடியும். நைட்ரிக் ஆக்ஸைடை அடைத்து வைக்க முடியாது. எந்தச் செல்சவ்வையும் ஊடுருவிவிடும். கேட்கும் நொடியில் தயாரித்துத்தான் ஆக வேண்டும். எல்லாத் திசையிலும் பரவி, சில விநாடிகளில் மறைந்துவிடும். ரத்தத்துக்குள் நுழைந்த பங்கை ஹீமோகுளோபின் பிடித்துக்கொள்ளும்.

நான்காவதாக, அருகில் உள்ள நுண்தமனியின் தசைச் செல்லுக்குள் அது நுழைகிறது. முராட் கண்ட அந்த நொதி விழித்து, சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற பொருளைத் தயாரிக்கிறது. அதன் தூண்டுதலால் தசைக்குள் கால்சியம் குறைகிறது. கால்சியம் இல்லாமல் தசையால் இறுகிப் பிடிக்க முடியாது. தசை தளர, குழாய் விரிகிறது.

ஐந்தாவதாக, ரத்தம் வேகமெடுத்து உட்சுவர்ப் படலத்தை உராய்கிறது. உராய்வை உணரும் படலம் தன் பங்குக்கு நைட்ரிக் ஆக்ஸைடைத் தயாரிக்கிறது. விரிவு, ரத்தம் வரும் திசையில் மேல்நோக்கிப் பெரிய கிளைகளுக்கும் பரவுகிறது. எல்லாம் சேர்ந்து ஓரிரு விநாடியில் தொடங்கி ஐந்தாறு விநாடியில் உச்சத்தைத் தொடுகிறது.

சேமிக்க முடியாது, விலாசம் கிடையாது, ஆயுள் சில விநாடி. ஒரு தூதுவருக்கு இவை தகுதிக்குறைவுகளாகத் தோன்றலாம். மூளைக்கு வேண்டியதோ இப்படிப்பட்ட தூதுவர்தான். நீண்ட நேரம் வாழ்ந்திருந்தால் அது தொலைவிலும் போய்த் தேவையில்லாத குழாய்களைத் திறந்துவிடும். சீக்கிரம் மறைவதால்தான் பிறந்த இடமும் பிறந்த நேரமும் அதன் செய்தியாக இருக்க முடிகிறது.

ஆணையா, அனுமதியா?

கதை இத்தனை நேர்த்தியாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். நைட்ரிக் ஆக்ஸைடுதான் எல்லாம் என்றால், அதைத் தயாரிக்கும் நொதியை முடக்கினால் உழைக்கும் பகுதிக்கு ரத்தம் கூடவே கூடாது. எலிகளில் முடக்கிப் பார்த்தார்கள். ரத்தம் கூடுவது குறைந்தது, முழுக்க நிற்கவில்லை. நரம்புச் செல்களைச் சூழ்ந்திருக்கும் நட்சத்திர வடிவத் துணைச் செல்கள், தந்துகிகளைச் சுற்றியுள்ள செல்கள், வெளியேறும் பொட்டாசியம், புராஸ்டகிளாண்டின்கள் என்று பலரும் இந்த வேலையில் பங்காளிகள்.

1999-ல் ஜெர்மனியில் உட்டே லிண்டவரும் உல்ரிச் டிர்னாகலும் இருந்த குழு இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டது. எலியின் மீசையை அசைத்தால் அதற்குரிய மூளைப் பகுதிக்கு ரத்தம் கூடும். நொதியை முடக்கினால் இந்தக் கூடுதல் மங்கியது. பிறகு நைட்ரிக் ஆக்ஸைடு தரும் மருந்தை ஒரே சீராக, மீசை அசைவதற்குச் சம்பந்தமே இல்லாமல் கொடுத்தார்கள். மங்கிய பதில் திரும்பி வந்துவிட்டது. அப்படியானால் அந்தப் பகுதியில் “இப்போது திற” என்று சொல்வது வேறு யாரோ. திறக்கும்படி தசையைப் பதமாக வைத்திருப்பதுதான் நைட்ரிக் ஆக்ஸைடு. அங்கே அது ஆணை தருவதில்லை, அனுமதி தருகிறது. சிறுமூளையிலோ அதன் பங்கு மிகப் பெரியது, நேரடி ஆணையாகவே தெரிகிறது. ஒரே மூளைக்குள் ஒரே வாயுவுக்கு இடத்துக்கு இடம் பதவி மாறுகிறது.

எந்தச் செல் தயாரித்தது?

இடம் மாறினால் பதவி மட்டுமல்ல, நன்மை தீமையும் மாறும். ஹார்வர்டில் பால் ஹுவாங் குழுவினர் நரம்புச் செல்லின் நொதி இல்லாத சுண்டெலிகளை உருவாக்கி, மூளைத் தமனியை அடைத்துப் பக்கவாதம் வரவழைத்தார்கள். 1994-ல் வந்த முடிவு: மூளையில் சேதம் சாதாரண எலிகளைவிடக் குறைவு. 1996-ல் உட்சுவர்ப் படலத்தின் நொதி இல்லாத எலிகளில் அதையே செய்தார்கள். சேதம் அதிகம்.

காரணம் புரியக்கூடியதுதான். பக்கவாதத்தில் ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும் நரம்புச் செல்களுக்குள் கால்சியம் வெள்ளமாகப் பாய்கிறது. நொதி அளவுமீறி வேலை செய்கிறது. கூடவே சூப்பராக்ஸைடு என்ற அடாவடியான ஆக்சிஜன் வகையும் பெருகுகிறது. அதுவும் நைட்ரிக் ஆக்ஸைடும் சந்தித்தால் பெராக்சிநைட்ரைட் என்ற பொருள் பிறந்து, புரதங்களையும் மரபுப்பொருளையும் சிதைக்கிறது. உட்சுவர் தரும் வாயுவோ அதே நேரத்தில் பக்கத்துக் குழாய்களைத் திறந்து, தட்டணுக்கள் திரளாமல் தடுத்து, கொஞ்சமாவது ரத்தம் போக வழி செய்கிறது.

வாயு குறைந்துபோனாலும் ஆபத்துதான். மூளையைப் போர்த்திய சவ்வுகளுக்கிடையே ஒரு குழாய் வெடித்து ரத்தம் கசிந்தால், பிழைத்த நோயாளிக்கும் நான்காம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை இன்னொரு கண்டம் உண்டு. மூளையின் தமனிகள் இறுகிச் சுருங்கத் தொடங்கும். குழாய்க்கு வெளியே சிந்திய சிவப்பணுக்கள் உடைந்து, வெளிவரும் ஹீமோகுளோபின் சுற்றிலும் உள்ள நைட்ரிக் ஆக்ஸைடை உறிஞ்சிவிடுவது இதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணங்களில் ஒன்று. அகலம் கொஞ்சம் குறைந்தாலே ஓட்டம் எவ்வளவு விழும் என்று நாம் போட்ட கணக்கு இங்கே உயிர்ப்பிரச்சினையாகிறது. அதனால்தான் கசிவு நின்ற பிறகும் நிமோடிபின் என்ற மருந்தைக் கொடுத்து, நோயாளியை வாரக்கணக்கில் கண்காணிக்கிறார்கள்.

தலைவலியின் மீதிப் பாதி

மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. வலி தெரிவது அதைப் போர்த்திய சவ்வுக்கும் அதில் ஓடும் குழாய்களுக்கும்தான். முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் கிளைகள் அங்கே பின்னிக் கிடக்கின்றன. நாக்கின் அடியில் வைத்த மாத்திரை ரத்தத்தில் கலந்து, உடல் முழுக்க நைட்ரிக் ஆக்ஸைடை வெளியிடுகிறது. தலையின் பெரிய தமனிகள் விரிகின்றன. ஒவ்வொரு இதயத்துடிப்பும் அந்த நரம்புகளில் தெறிக்கிறது. மாத்திரை கரைந்ததும் வரும் முதல் வலிக்கு இந்த விளக்கம் பொருந்தும்.

ஆனால் கோபன்ஹேகனில் யெஸ் ஓலசென் குழுவினர் 1990-களில் நடத்திய சோதனைகள் வேறொன்றையும் காட்டின. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு நைட்ரோகிளிசரினைச் சிரை வழியே ஏற்றினால், உடனே வரும் லேசான வலி அடங்கிய பிறகு, சில மணி நேரம் கழித்து முழு ஒற்றைத் தலைவலியே வருகிறது. அதற்குள் மருந்தும் வாயுவும் உடலை விட்டுப் போயிருக்கும். 2003-ல் அதே ஊர் ஆய்வாளர்கள் சில்டெனாஃபிலைக் கொடுத்துப் பார்த்தார்கள். வயாகரா என்ற பெயரில் விற்கும் இந்த மருந்து சைக்ளிக் ஜி.எம்.பி. உடையாமல் காப்பது. ஒற்றைத் தலைவலி வந்தது, மூளையின் நடுத் தமனியோ விரியவே இல்லை.

ஆகவே தலைவலியின் மீதிப் பாதி குழாயின் அகலத்தில் இல்லை, நரம்பில் இருக்கிறது. வாயு தூண்டிவிட்ட வேதித்தொடர், வலி நரம்புகளை மணிக்கணக்கில் கூர்மையாக்கி வைக்கிறது. சைக்ளிக் ஜி.எம்.பி. பற்றி ஒரு நடைமுறை எச்சரிக்கையும் உண்டு. சில்டெனாஃபில் வகை மருந்து எடுத்தவர் நெஞ்சுவலி மாத்திரையையும் வைத்துக்கொண்டால் சைக்ளிக் ஜி.எம்.பி. கட்டுமீறிக் குவிந்து, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். மருத்துவரிடம் இதை மறைக்கக் கூடாது. அதேபோல், தலைவலிக்குப் பயந்து இதய மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது.

தோலில் ஒட்டிய பட்டை

இவ்வளவும் தெரிந்த பிறகு, பக்கவாதம் வந்தவருக்கு நைட்ரிக் ஆக்ஸைடு கொடுத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. பிரிட்டனின் ஃபிலிப் பாத் தலைமையில் 4,011 நோயாளிகளிடம் அதைச் செய்து பார்த்தார்கள். தோலில் ஒட்டும் பட்டை வழியே நைட்ரோகிளிசரின் ஏழு நாள் கொடுக்கப்பட்டது. ரத்த அழுத்தம் இறங்கியது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது நோயாளிகளின் நிலையில் ஒட்டுமொத்தமாக முன்னேற்றம் இல்லை. 2015-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. தாமதமாகக் கொடுத்தது காரணமாக இருக்கலாம் என்று, ஆம்புலன்ஸிலேயே பட்டையை ஒட்டி இன்னொரு சோதனை நடந்தது. 2019-ல் வந்த அதன் முடிவிலும் பலன் தெரியவில்லை. அர்ஜினினைக் கூட்டிக் கொடுப்பதும் பொய்த்தது. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கு அமெரிக்காவில் அதைக் கொடுத்த ஒரு சோதனையில், அர்ஜினின் எடுத்த பிரிவில் ஆறு பேர் இறந்தார்கள், மற்றதில் யாரும் இறக்கவில்லை. 2006-ல் வெளியான அந்த ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. உடற்பயிற்சிக்கூடங்களில் “நைட்ரிக் ஆக்ஸைடு பூஸ்டர்” டப்பாக்களை வாங்குபவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

பட்டையும் பொடியும் வாயுவை உடம்பெங்கும் ஒரே மாதிரி கூட்டப் பார்க்கின்றன. மூளையோ அதை ஒரு நுண்தமனியின் ஓரத்தில், ஒரு செல்லின் வாசலில், சில விநாடிக்கு மட்டும் தயாரிக்கிறது. மூலக்கூறு ஒன்றேதான் என்றாலும் எங்கே, எப்போது, எவ்வளவு என்ற மூன்றும் இல்லாமல் அது செய்தியாவதில்லை.

ஆகவே இன்று ஆய்வாளர்களின் கவனம் வாயுவிலிருந்து அதைத் தயாரிக்கும் படலத்தின் பக்கம் நகர்ந்திருக்கிறது. புகைபிடித்தல், நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் மூன்றும் சூப்பராக்ஸைடைப் பெருக்கி, உட்சுவர் தரும் நைட்ரிக் ஆக்ஸைடை வழியிலேயே தின்றுவிடுகின்றன. 2018-ல் நியூயார்க்கில் கோஸ்டான்டினோ யாதெகோலா குழுவினர், வழக்கத்தைவிட 8 முதல் 16 மடங்கு உப்பைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வாரங்களில் மூளையின் உட்சுவர்ச் செல்களில் நைட்ரிக் ஆக்ஸைடு குறைந்தது, மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்தது, நினைவுச் சோதனைகளில் எலிகள் தடுமாறின. நாம் யாரும் அந்த அளவுக்கு உப்பு தின்பதில்லை. ஆனால் அதே ஆய்வின் இன்னொரு வரி கவனிக்கத்தக்கது. எலிகளைப் பழைய உணவுக்குத் திருப்பியதும் மூளையின் ரத்த ஓட்டமும் நினைவும் மீண்டன. யாரும் அவற்றுக்கு வெளியிலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடு கொடுக்கவில்லை. தொல்லை விலகியதும் உட்சுவர்ச் செல்கள் தங்கள் வேலையைத் தாங்களே தொடங்கிவிட்டன.